கருப்புக் கோடு விழுந்த பாறை

என்னோடு மலையேற வருகிற உங்களுக்கெல்லாம் என்மேல் ஒரு குறை உண்டு. மழை வந்தால் பாறைக் குடைவுக்குள் ஒதுங்க விடமாட்டேன். கூரை போட்டதுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் அருமையான பாறையாகவே இருக்கட்டும், முதலில் அண்ணாந்து பார்ப்பேன். பாறையின் முகத்தில் மேலிருந்து கீழாகக் கருப்புக் கோடு இறங்கியிருந்தால், நனைந்தாலும் பரவாயில்லை, வெளியே நில்லுங்கள் என்பேன். போன தடவை உங்களில் ஒருத்தி, “இவளுக்கு எல்லாம் தெரியும்” என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. எல்லாம் தெரியாது. இது ஒன்று தெரியும். எப்படித் தெரிந்தது என்பதை இதுவரை சொன்னதில்லை. நாமெல்லாம் முப்பதைத் தொடப்போகிறோம். இறங்கும்போது முட்டி பேசுகிறது. பதின்மூன்று வயதில் நடந்ததை இப்போதே எழுதாவிட்டால் பிறகு ஜோடித்து எழுத ஆரம்பித்துவிடுவேன்.

எங்கள் ஊர் சிவகாசிக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவில். ஊருக்கு மேற்கே வரிசையாக நாலு கரடுகள். கரடு என்றால் மலையாக வளரத் தொடங்கிப் பாதியில் மனசு மாறிக்கொண்ட குன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். முள் நிறைந்த உடை மரமும் சப்பாத்திக் கள்ளியும், இடையிடையே வெயிலில் வெந்த மொட்டைப் பாறையும். ஆடு மேய்ப்பவர்களைத் தவிர யாரும் ஏறமாட்டார்கள். ஏறி என்ன செய்ய என்பார்கள். ஆனால் அந்த வருஷம் எங்கள் சமூக அறிவியல் சார் கரும்பலகையில் சமஉயரக் கோடு வரைந்து காட்டியிருந்தார். வளையத்துக்குள் வளையம், அதற்குள் இன்னொரு வளையம், அதுதான் மலை! எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. நாலு கரட்டையும் ஒரே நாளில் ஏறி இறங்கி, நானே வரைபடம் போடுவது என்று முடிவு செய்தேன்.

அப்பா அச்சகத்தில் காகிதம் வெட்டும் மிஷினில் இருந்தார். கழித்துப் போட்ட காலண்டர் தாள்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். நான் எடுத்துக்கொண்ட தாளில் ஒரு லட்சுமி படம். மஞ்சள் தனியே விலகி அச்சாகி, அம்மனின் முகம் ஓரிடத்திலும் முகத்தின் நிறம் இன்னோரிடத்திலும் நின்றது. அதன் பின்பக்கம்தான் என் வரைபடம்.

கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி டீச்சர் மகள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட டீச்சரின் ஒரே பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடுகிற பூட்ஸையே கரட்டுக்கும் போட்டுக்கொண்டு வந்தாள். இன்னொருவன் வேன்காரர் மகன். அவன் அப்பா கம்பெனி வேன் ஓட்டினார். விடியும் முன்பே ஹார்ன் அடித்து எங்கள் தெருப் பெண்களை ஏற்றிக்கொண்டு பட்டாசு ஆலைக்குப் போவார், இருட்டிய பிறகு கொண்டுவந்து இறக்குவார். என் அம்மாவும் அந்த வேனில்தான் போய்வந்தாள்.

காலாண்டுப் பரீட்சை விடுமுறை அது. தீபாவளிக்கு முந்திய சீசன். ஆர்டர் நெருக்குகிறது என்று அம்மா ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போன நாட்கள். அவளுடைய விரல்கள் வெள்ளிப் பாத்திரம் தேய்த்ததுபோல் மினுங்கும். அலுமினியப் பவுடர். நகக்கண்ணில் ஏறியது தீபாவளி முடிந்தும் போகாது. அவள் பிசைந்து தருகிற சோற்றில் லேசாகக் கந்தகம் மணக்கும். எனக்கு அது அம்மாவின் வாசனை. வேலைச் சேலையோடு அவள் தண்ணீர்க் குடத்தின் பக்கமே போகமாட்டாள். அந்தப் பட்டாசு மருந்தில் தண்ணீர் பட்டால் முதலில் சுடும், பிறகு புகையும், பிறகு பக்கத்தில் ஆள் இருக்கக் கூடாது. இது எங்கள் ஊரில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும்.

அன்று காலை, “எங்கடி கிளம்புறே?” என்று கேட்டாள். டீச்சர் மகள் வீட்டுக்கு என்றேன். பொய்யில்லை. அங்கிருந்துதான் புறப்பட்டோம்.

காற்றே இல்லாத நாள். இலை அசையவில்லை. ஆலைப் பக்கத்து மணம் மேலே எழும்பாமல் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. முதல் கரட்டில் ஏறும்போதே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. உச்சியில் மயில்கள் இருந்தன. எங்களைப் பார்த்துப் பறக்காமல், கழுத்தை மேற்கே நீட்டியபடி அப்படியே நின்றன. இரண்டாவது கரட்டில் டீச்சர் மகள் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“பூட்ஸ் எதுக்குப் போட்டுட்டு வந்தே, கையில பிடிச்சு நடக்கவா?” என்றான் வேன்காரர் மகன்.

“நீ செருப்பே இல்லாம வந்துட்டுப் பேசாதே.”

“எங்காலு தோலு லாரி டயரு. நீ முள்ளப் பத்திக் கவலைப்படு.”

சேவும் தக்காளிச் சோறும் தின்றோம். அங்கிருந்து கிழக்கே பார்த்தால் ஆலைகள். வெள்ளையடித்த சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. ஒன்று போனால் இன்னொன்று பிழைக்கட்டும் என்று போட்ட இடைவெளி. எது அம்மாவின் அறை என்று தேடினேன். தெரியவில்லை. தென்மேற்கே வெம்பக்கோட்டை அணை கண்ணாடித் துண்டாகக் கிடந்தது. மேற்கே எப்போதும் நீலமாகத் தெரிகிற பெரிய மலையைக் காணவில்லை. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் நின்றது. காலையில் அது இல்லை.

மூன்றாவது கரடுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. உச்சி முழுக்க ஒரே பாறை. சாய்த்து வைத்த தாம்பாளம் மாதிரி மேற்கே சரிந்து, விரல் அகலத்தில் ஓடைகள் அரித்து, எல்லா ஓடையும் ஓரத்தில் ஒரு வெடிப்பில் போய் முடிந்தன. வெடிப்பின் வாயெல்லாம் கருப்பு.

“யாரோ தார் ஊத்துன மாதிரி இருக்கு” என்றாள் டீச்சர் மகள்.

“தார் இல்ல, தண்ணி போற வழி” என்று கத்தினேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். “இந்த உச்சியில எம்புட்டு மழை பேஞ்சாலும் அம்புட்டும் இந்த ஓட்டைக்குள்ளதான் போகும்!”

“எங்க, காட்டு” என்று வேன்காரர் மகன் பாட்டிலில் இருந்த தண்ணீரில் பாதியை மேட்டில் ஊற்றினான். அது நெளிந்து நெளிந்து ஓடி, வேறெங்கும் போகாமல், சொன்ன பேச்சைக் கேட்பதுபோல் வெடிப்புக்குள் நுழைந்தது. மூன்று பேரும் காதை வைத்துக் கேட்டோம். கொஞ்ச நேரம் எதுவுமில்லை. பிறகு ரொம்பக் கீழே, ஏதோ அறைக்குள் சொட்டுவதுபோல் சத்தம்.

“குடிக்கிற தண்ணியைக் கொட்டிட்டான்” என்று டீச்சர் மகள் சண்டைக்குப் போனாள். நான் லட்சுமியின் முதுகில் அந்த வெடிப்பைக் குறித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவன் எழுந்து நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்தான்.

“ஏய், அது எங்கப்பா வேனு!”

கீழே, கரட்டைச் சுற்றி மேற்குப் பக்கம் வருகிற வண்டிப் பாதையில் ஒரு வெள்ளை வேன் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது.

“எல்லாக் கம்பெனி வேனும் வெள்ளைதான். உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?”

“மேல நீலத் தார்ப்பாய் பாரு. காலையில நாந்தான் கட்டிவிட்டேன்.”

“இந்நேரத்துக்கு வேன் திரும்புதுன்னா...” டீச்சர் மகள் முடிக்கவில்லை. முடிக்கவும் தேவையில்லை. எங்கள் பக்கம் வேன் இருட்டிய பிறகுதான் திரும்பும். பகலில் திரும்பினால் தெருவில் எல்லா வாசலிலும் ஆள் வந்து நிற்கும். ஆனால் வெடிச்சத்தம் எதுவும் கேட்கவில்லையே? மூன்று பேரும் ஆலைகள் பக்கம் திரும்பிப் புகையைத் தேடினோம். இல்லை.

“செக்கிங்கா இருக்கும்” என்றான் வேன்காரர் மகன். அவன் குரலில் உயிர் வந்தது. “ஒரு ரூமுக்கு நாலு பேருதான் இருக்கணும்ல. சீசன்ல கூட ஆளப் போட்டிருப்பாக. ஆபீசர் வந்தா மிச்ச ஆளை எங்கப்பா ஏத்திக்கிட்டு வெளிய வந்துருவாரு. யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு.”

“இப்ப எங்ககிட்டச் சொல்லிட்டியே.”

“நீங்க என்ன ஆபீசரா?”

வேன் ஊருக்குப் போகவில்லை. நாங்கள் நின்ற கரட்டின் அடிவாரத்துக்கே வந்து நின்றது. பெண்கள் இறங்கினார்கள். ஆட்களை மட்டும் ஒளிக்கவில்லை. கணக்குக்கு மேல் கலந்து வைத்த மருந்தையும் சாக்கு மூட்டையாகக் கொண்டுவந்திருந்தார்கள். கைப்பிள்ளையை ஏந்துவதுபோல் ஒவ்வொரு மூட்டையையும் மார்போடு சேர்த்து மெதுவாகத் தூக்கி, பாறைக்கு அடியில் கொண்டுபோனார்கள். அதில் ஒருத்தி இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து நடந்தாள். அந்த நடையை நான் எவ்வளவு தூரத்திலிருந்தும் சொல்லிவிடுவேன்.

“யம்மோவ்!”

கத்தியதும் கீழே எல்லோரும் அப்படியே நின்றார்கள். அண்ணாந்து பார்த்தார்கள். நான் இரண்டு கையையும் ஆட்டினேன். அடுத்த நிமிஷம் ஆளுக்கொரு மூட்டையை இழுத்துக்கொண்டு குடைவுக்குள் ஓடினார்கள். உச்சியில் தெரிந்த எங்கள் தலைகளை அவர்கள் ஆபீசரின் ஆட்கள் என்று நினைத்துவிட்டார்கள். நாங்கள் கத்தக் கத்த இன்னும் உள்ளே போனார்கள்.

முதல் இடி அப்போது விழுந்தது. தூரத்தில்தான். சாம்பல் சுவர் அணைக்கு இந்தப் பக்கம் வந்திருந்தது. பாறையில் ஒரு சொட்டு விழுந்து, ஐந்து ரூபாய் அகலத்துக்குக் கறுத்து, சூட்டில் உடனே மறைந்தது. இன்னொரு சொட்டு. நான் வெடிப்பைப் பார்த்தேன். அதற்கு நேர் கீழே எட்டிப் பார்த்தேன். கருப்புக் கோடு பாறையின் முகத்தில் இறங்கி, அவர்கள் நுழைந்த குடைவுக்குள் போய்த்தான் மறைந்தது.

“நம்ம ஊத்துன தண்ணி அங்கனதான் சொட்டியிருக்கு” என்றேன். மூன்று பேரும் இறங்க ஆரம்பித்திருந்தோம்.

எப்படி இறங்கினோம் என்று சரியாக நினைவில்லை. உடை முள் கிழித்ததும், டீச்சர் மகள் “இயேசப்பா, இயேசப்பா” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தபடி சறுக்கியதும், என் கையிலிருந்த லட்சுமி ஒரு கள்ளியில் மாட்டிக்கொண்டு கிழிந்ததும் நினைவிருக்கிறது. அதை எடுக்க நான் நிற்கவில்லை. நாங்கள் அடிவாரத்துக்கு வந்தபோது மழை கனத்துவிட்டது.

குடைவுக்குள் பெண்கள் மூட்டைகளைப் பின்சுவரோடு அடுக்கி, அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். வேன்காரர் செல்போனைக் கையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என்னைக் கண்டதும் எழுந்தாள்.

“ஏய், நீ எப்படிடி இங்கன வந்தே?”

“யம்மா, வெளிய வா. உள்ள தண்ணி வரும்.”

“மழைக்குத்தானே உள்ள உக்காந்திருக்கோம். கிறுக்கி மாதிரிப் பேசாதே.”

“முன்னாடி இல்ல, பின்னாடி இருந்து வரும். மேல ஓட்டை இருக்கு.”

“ஆமா யப்பா, தண்ணி ஊத்திப் பார்த்தோம்” என்றான் வேன்காரர் மகன்.

“ஏலே, காலை ஒடிச்சுருவேன். கரட்டுல உனக்கு என்னலே வேலை?”

எங்கள் தெருப் பெரியம்மா ஒருத்தி, வேலைக்குப் போகிற பெண்களிலேயே மூத்தவள், தரையிலிருந்து காய்ந்த ஆட்டுப் புழுக்கையை அள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். “இதைப் பாரு. ஆடு படுக்குற இடம்டி இது. நனையுற இடத்துல ஆடு படுக்குமா? எம்புட்டுத் தூசி பறக்குது பாரு.”

எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்களுடைய கணக்கில் தவறே இல்லை. அந்தக் கோடை முழுக்க மழையே கிடையாது. ஆடு படுத்ததும் உண்மை, தூசியும் உண்மை. மழையில் நனையக் கூடாத பொருளை மழைபடாத இடமாகப் பார்த்து, இன்னும் உள்ளே, இன்னும் பின்னே தள்ளி வைத்திருந்தார்கள். தண்ணீர் வரப்போகிற சுவரோடு சேர்த்து.

“அண்ணே, கொஞ்சம் வெளியே எடுத்து வைப்பமா?” என்று அம்மா வேன்காரரிடம் கேட்டாள். “பிள்ளை இப்படிச் சொல்லுது.”

“வெளிய வச்சா நனையும்லம்மா. ஃபோர்மேன் என்ன சொல்லிவிட்டாரு? மூட்டைய விட்டுட்டு நகர்ற ஆளு நாளைக்கு வேன்ல ஏற வேண்டாம்னு சொல்லல? செத்த நேரம்தான். ஆபீசர் போயிருவாக, போன் வந்துரும்.”

அம்மா திரும்பவும் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. என்னைவிட அந்தப் போனை நம்பி உட்கார்ந்துவிட்டாளே! நான் போய் அவள் பக்கத்தில், ஒரு மூட்டையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன்.

“அப்பன்னா நானும் இங்கனயே இருக்கேன்.”

சாக்கு இளஞ்சூடாக இருந்தது. வேனின் சூடா, வேறு சூடா, இன்றுவரை தெரியாது.

அம்மா ஓங்கி ஒரு அறை விட்டாள். நான் எழவில்லை. வேன்காரர் மகன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். டீச்சர் மகள் அழுதுகொண்டே, பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு அவளும் உட்கார்ந்தாள்.

“ஆத்தா, நீ எந்திரி!” என்று வேன்காரர் பதறினார். “உங்கம்மா டீச்சரு. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னால ஊருல இருக்க முடியாது.”

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் முதுகுக்குப் பின்னால் இருந்த மூட்டையைப் பார்த்தாள். நான் பிறக்கும் முன்பிருந்தே அவள் தினமும் அதனோடு உட்கார்ந்தவள்தான். அன்றுதான் அதை முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தாள். என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினாள்.

“எந்திரிடி. மருந்துக்குப் பக்கத்துல உக்காருற பழக்கம் உனக்கு எதுக்கு?”

வெளியே இழுத்துக்கொண்டு நடந்தாள். மழையில், வேலைச் சேலையோடு. பின்னால் திரும்பி, “நீங்களும் வாங்க. பிள்ளைகளை வச்சுக்கிட்டு இங்கன இருக்க முடியாது” என்றாள். பெரியம்மா கையிலிருந்த புழுக்கையைத் தட்டிவிட்டு எழுந்தாள். ஒருத்தி எழுந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். வேன்காரர் கடைசியாக வந்தார். மகன் அவருடைய பெல்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

வேனைக் கொஞ்சம் தள்ளி, உடை மரங்களுக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்தினார். கண்ணாடியெல்லாம் மூச்சுப்பட்டு மங்கியது. ஈரச் சேலையும் கந்தகமும் வேர்வையும் கலந்த வாடை. மழை வெறித்து ஓயத் தொடங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. பெரியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்: “பிள்ளைப் பேச்சைக் கேட்டுச் சம்பளத்தை விடப்போறோம்.”

போன் அடித்தது.

“ஆபீசர் போயிட்டாகளாம்” என்றார் வேன்காரர். “மூட்டையை எடுத்துக்கிட்டு வரச் சொல்றாரு. வாங்க.”

கதவு திறந்தது. இரண்டு பெண்கள் இறங்கினார்கள். அம்மாவும் எழுந்தாள். நான் அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டேன். “விடுடி” என்றாள். விடவில்லை. “விடுடி, எல்லாரும் போறாக பாரு.” அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள். அப்போது இறங்கி நின்ற ஒருத்தி, “யாரோ அடுப்புப் பத்த வச்சிருக்காக” என்றாள்.

குடைவின் வாயிலிருந்து மெல்லிசாக ஒரு வெள்ளைப் புகை. மழைக்குள் நேராக எழுந்தது.

அதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நேரம் தேவையில்லை. இறங்கியவர்கள் வேனுக்குள் விழுந்தார்கள். வேன்காரர் ஓட்டத் தொடங்கியபோதே வெளிச்சம் வந்துவிட்டது, சத்தம் பிறகு. அது காதில் கேட்ட சத்தமே இல்லை, நெஞ்சில் வாங்கிய சத்தம். பின்கண்ணாடி நொறுங்கியது. கூரைமேல் கல் விழுந்துகொண்டே இருந்தது. அம்மா என்மேல் படுத்திருந்தாள். கரட்டின் அந்தப் பக்கம் கொஞ்சம் இல்லாமல் போயிருந்தது.

ஃபோர்மேன் பைக்கில் வந்தார். நனைந்து, செருப்பு ஒரு காலில் மட்டும். வேனுக்குள் எட்டிப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி, “மூட்டை எல்லாம் போச்சா?” அதற்காக அவரை எத்தனையோ வருஷம் வெறுத்தேன். இப்போது நினைத்தால் அவர் கண்கள் ஒவ்வொரு தலையாகத் தொட்டுத் தொட்டுப் போனது தெரிகிறது. ஆள் இருக்கிறார்களா என்றுதான் ஓடி வந்திருக்கிறார். வாய் பழக்கத்தில் மூட்டையைக் கேட்டுவிட்டது.

பிறகு குரலைத் தாழ்த்தி, “இடி விழுந்துருச்சு. அம்புட்டுதான். யார் கேட்டாலும் எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லணும்” என்றார்.

“இடியா?” என்றாள் பெரியம்மா. “எங்க தலையில விழலையேன்னு உங்களுக்கு வருத்தமாய்யா?”

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க இடிதான் விழுந்திருந்தது. அப்பாவிடமும் அம்மா இடி என்றே சொன்னாள். அப்பாவும் நம்பினார். டீச்சர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய், இடியிலிருந்து காத்ததற்கு ஜெபம் பண்ணிவிட்டு வந்தார்.

அன்று அம்மா எனக்குத் தலைக்கு ஊற்றிவிட்டாள். மண்ணும் முள்ளும் போகத் தேய்த்தாள். அறைந்த கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். துவட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

“நாளைக்குக் கம்பெனி லீவாம். நாளன்னிக்கு வேன் வரும்.”

“போகாதம்மா.”

“சீசன் முடியல.” கொஞ்ச நேரம் துவட்டினாள். “நான் கிளம்புறப்ப நீ முழிச்சிருக்கக் கூடாது. தூங்கிரு. நீ முழிச்சுக்கிட்டுப் பார்த்தேன்னா என்னால போக முடியாது.”

அந்த நாள் வந்தது. விடியும் முன்பே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. அம்மா எழுந்தது, முகம் கழுவியது, தூக்குவாளியை மூடியது எல்லாம் கேட்டது. தெருமுனையில் ஹார்ன். அவள் புறப்படாமல் என் பாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். கந்தக வாசனை வந்தது. கண்ணைத் திறந்தால் போதும், போகமாட்டாள் என்று எனக்குத் தெரியும். சீசனில் ஒரு நாள் போகாவிட்டால் வேனில் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள் என்பதும் தெரியும். இரண்டாவது ஹார்ன் அடித்தது. நான் நன்றாகத் தூங்குகிறவளைப் போல மூச்சை நீளமாக இழுத்து விட்டேன்.